இருதயராஜின் இடது கையும் நான் நிறுத்திவைத்த நான்கு நிமிடமும்

இ.இ.ஜி. அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டுதான் கிளம்புவார்கள். எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாலும், படித்துவிட்டு, கொஞ்சமாக வைத்துக்கொண்டு வருவார்கள். கேட்டால், "பரட்டத் தலையோட எப்டி மேடம் டாக்டர் முன்னாடி வந்து குந்தறது?" என்பார்கள். மரியாதை. அந்த மரியாதையைப் பஞ்சால் துடைத்துத் துடைத்தே என் இருபத்தாறு வருஷம் போனது. எலெக்ட்ரோடு என்கிற அந்தச் சின்னக் கிண்ணம் தோலோடு ஒட்டினால்தான் மூளைக்குள் ஓடும் மின்சாரத்தின் நிழல் திரைக்கு வரும். நடுவில் எண்ணெய் இருந்தால் நிழலும் வராது.

அதனால் மொட்டைத் தலை என்றால் நமக்கு விசேஷம். மயிலத்தில் முடி இறக்கியவர் வந்தாலும் வேளாங்கண்ணியில் இறக்கியவர் வந்தாலும் எனக்கு மனசு துள்ளும். பேஸ்ட் பூசி வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். மயிர்க்காட்டில் பாதை தேட வேண்டாம். ஒரு மொட்டைத் தலையில்தான் நான் என் வாழ்க்கையில் பார்த்த பெரிய காட்சியைப் பார்த்தேன். கடல் பார்த்திருக்கிறேன், கிரகணம் பார்த்திருக்கிறேன். இது அவற்றைவிடப் பெரியது. உள்ளங்கையில் பாதி அளவு இடத்தில் நடந்தது.

ஆனால் அதற்கு முன்னால் என் தவறைச் சொல்லியாக வேண்டும். தவறு இல்லாமல் அந்தக் காட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

என் பதிவுகள் சுத்தமாக இருக்கும் என்று பேர். நோயாளி கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், காலை ஆட்டினால் திரையில் கோடுகள் எல்லாம் கோழி கிளறியது போல ஆகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மூளையிலிருந்து வராத, அசைவால் வருகிற அந்தக் கிறுக்கலை நான் வெறுத்தேன். யாராவது அசைந்தால் என் கை தானாகப் போய்ப் பதிவை நிறுத்தும். அடங்கியதும் மறுபடி ஓட்டுவேன். இருபது நிமிஷப் பதிவு, சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி இருக்கும். "உங்க ரெக்கார்டு படிச்சா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு மேடம்" என்று டாக்டர்கள் சொல்வார்கள். நான் அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு சுற்று பருத்திருந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. நரம்பியல் டாக்டர் புதுச்சேரியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்துக்கு வருவார்; மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். அறைக்கு வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். உள்ளே மூன்று பேர் ஒன்றாக நுழைந்தார்கள். நோயாளி இருதயராஜ், நாற்பது வயது, திண்டிவனம் – விழுப்புரம் தனியார் பஸ் டிரைவர். கூட வந்தது அவர் மனைவி ஸ்டெல்லா. மூன்றாவது ஆள் பஸ் முதலாளியின் மச்சான். மேனேஜர் என்று சொல்லிக்கொண்டார்.

"என்ன பண்ணுது அண்ணே?" என்றேன்.

இருதயராஜ் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "கட்ட வெரல்ல புடிக்கும் மேடம். தானா துடிக்கும். அப்புறம் கொல்லையில தண்ணி பாயுற மாதிரி. ஒரு பாத்தி ரொம்பி அடுத்த பாத்தி. மணிக்கட்டு, மொழங்கை, தோளு. தாண்டிப் போவாது. வரிசையா போவும். ரெண்டு நிமிசத்துல அடங்கிரும்."

"நினைவு தப்புதா?"

"அது எங்க தப்புது?" என்று மேனேஜர் குறுக்கே வந்தார். "வலிப்புன்னா வாயில நொரை தள்ளணும், கண்ணு சொருவணும். இவன் கை துடிச்சிக்கினே எங்கிட்ட டீ கேக்கறான் மேடம்."

"நொரை தள்ளலன்னா குத்தமாங்க?" என்றார் ஸ்டெல்லா.

"குத்தம்னு யாரும்மா சொன்னா? காலைல மொத ட்ரிப்புல பாத்து வருதே, அத்தச் சொல்றேன். என் கைக்கு அந்த புத்தி இல்ல. அது பாட்டுக்கு வேலை செய்யுது" என்றார் மேனேஜர்.

ஏற்கெனவே எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வேலை செய்யப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார். இந்தப் பதிவும் சரியாக வந்துவிட்டால் மறுநாளே ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும். மேனேஜர் அதற்குத்தான் கூட வந்திருந்தார்.

பாத்தி, தண்ணீர் என்று அவர் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை. நோயாளி சொல்கிற உவமையை எழுதும் கட்டம் படிவத்தில் இல்லை. இப்போதும் இல்லை. நீங்கள் ஓரத்திலாவது எழுதிவையுங்கள்.

பதிவு பாதி போயிருக்கும். இருதயராஜ் மெதுவாகச் சொன்னார்: "மேடம், வந்துக்கினு இருக்குது."

கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. திரையில் கோடுகள் கிளறிக்கொண்டன. வாசலில் நின்ற மேனேஜர் சிரித்தார். "பாருங்க, மிசின மாட்டனதும் ஆரம்பிச்சிட்டான். ஸ்டார்ட்டிங் ட்ரபுளே இல்ல."

"ஆட்டாதீங்க அண்ணே" என்று என் இடது கையால் அவர் மணிக்கட்டை அமுக்கிப் பிடித்தேன். வலது கையால் பதிவை நிறுத்தினேன். அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், கை மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்பது பேர் வெளியே. ஒரு மணிக்கு டாக்டர் போய்விடுவார். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒன்றுதான்: பக்கம் கெட்டுப்போகிறது.

அடங்கியதும், கலைந்த எலெக்ட்ரோடுகளைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டினேன். சலவை வேட்டி. டாக்டர் பார்த்து, இயல்பானது என்று எழுதினார். அவர் மேல் குற்றமில்லை. நான் கொடுத்ததைத்தானே அவர் படிக்க முடியும்.

மேனேஜர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "காலைல மொத ட்ரிப்பு நீதான்."

இருதயராஜ் சண்டை போடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், "அம்பது பேரு ஏறுவாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவரும் ஸ்டெல்லாவும் மட்டும் வந்தார்கள். வழவழவென்று மொட்டை. எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

நடந்ததை ஸ்டெல்லாதான் சொன்னார். கூட்டேரிப்பட்டு தாண்டி, வண்டி நிறைய ஆட்கள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போடும்போது கட்டைவிரலில் பிடித்திருக்கிறது. இவர் வண்டியை ஓரம் கட்டி, சாவியைப் பிடுங்கி, கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து ஏச்சு. காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு என்று ஒருவர். பரீட்சைக்கு நேரமாகிறது என்று பிள்ளைகள். கண்டக்டர் ஓடிவந்து, "அண்ணே, பேஜாரு பண்ணாதண்ணே, ரெண்டு நிமிசம் குந்திட்டு எடுத்துரு" என்று கெஞ்சியிருக்கிறான். கை அடங்கிய பிறகும் இவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறவரை அங்கேயே இருந்தார்.

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்க மேடம்" என்றார் ஸ்டெல்லா. "நெசமாவே நோவுன்னு தாள் கொண்டாந்தா வேற வேலை போட்டுத் தரேன்றாங்க. இல்லன்னா குடிச்சிட்டு வண்டிய நட்டாத்துல விட்டான்னு எல்லா முதலாளிக்கும் சொல்லிருவாங்களாம். அப்புறம் இந்த ரோட்ல யாரு வேலை தருவாங்க? மாதாவுக்கு முடி குடுத்துட்டு நேரா இங்க வரோம்."

இருதயராஜின் கண் திரை மேல் இருந்தது. "மேடம், அன்னிக்கு எனக்குக் கை ஆடனப்ப உங்க டி.வி.யில என்னா வந்துதுன்னு நான் பாக்கலாமா?" என்றார்.

பழைய பதிவைத் திறந்தேன். ஓட்டினேன். திரையின் அடியில் கடிகாரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் அலைகளைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார். பதினொன்று நாற்பத்திரண்டு. அடுத்த கோடு, பதினொன்று நாற்பத்தாறு.

"நடுவுல நாலு நிமிசம் எங்க மேடம்?"

நான் பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே தாவல்.

"டைமிங்ல ஓடறவன் நானு. ஒரு நிமிசம் பிந்தனா பின்னாடி வண்டிக்காரன் வந்து சட்டையப் புடிப்பான். நாலு நிமிசம் காணோம்னா கண்ணு அங்கதான் போவும்."

இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. என் சுத்தமான பதிவுகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. நான் அதன் மேல் பாலம் கட்டி, பாலத்துக்குப் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

"நான்தான் நிறுத்தினேன் அண்ணே. கை ஆடுதுன்னு நிறுத்தினேன்."

"வருது வருதுன்னு சொன்னாரே மேடம்" என்றார் ஸ்டெல்லா. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவரைப் படுக்கவைத்தேன். ஒரு காதிலிருந்து உச்சந்தலை வரை ஏறும் கோட்டில் வழக்கமாக நாம் மூன்று எலெக்ட்ரோடு வைப்போம். அந்தக் கோட்டுக்கு அடியில்தான் உடம்பை அசைக்கும் பகுதி இருக்கிறது. கீழே முகம், அதற்கு மேல் கட்டைவிரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று உச்சியை நோக்கி அடுக்கியது போல. இடது கைக்கு வலது பக்க மூளை. மொட்டைத் தலை இருக்கிறதே என்று, வலது பக்கத்தில் மூன்றுக்குப் பதிலாக எட்டு வைத்தேன், நெருக்கமாக. இயந்திரத்தில் காலியாகக் கிடந்த இணைப்புகள் எல்லாம் அன்றைக்குத்தான் வேலை பார்த்தன.

காத்திருந்தோம். துடிப்பு வரவில்லை. பதினொன்றரை. பன்னிரண்டு. வெளியே யாரோ கதவைத் தட்டி, "ஜல்தி முடிங்க மேடம், நாங்க கண்டாச்சிபுரம் போவணும்" என்றார்கள். டாக்டர் ஒரு மணிக்குப் போய்விடுவார்.

"எப்ப வரும் அண்ணே? எது பண்ணா வரும்?"

"கியரு போட்டா வரும் மேடம். ரெண்டுலேர்ந்து மூணு."

ஸ்டெல்லா தன் குடையைத் தூக்கி நீட்டினார். "இத்தப் புடிச்சிக்கினு போடு."

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மொட்டைத் தலையிலிருந்து வண்ண வண்ண ஒயர்கள் தொங்க, இடது தொடைக்குப் பக்கத்தில் மடக்கிய குடையை ஊன்றி, அதன் பிடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். வலது கை காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தது. இடது கால் தானாகக் கிளட்ச்சை மிதித்தது. ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆரன் அடிக்காத, வெளிய ஆளுங்க இருக்காங்க" என்றார்.

திரையை அகலமாக இழுத்துவிட்டேன், ஒரு விநாடி முழுத் திரைக்கும் நீளும்படி. எதற்கு அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியாது. கை நகரும்போது கிறுக்கல் வரும், நகராத நேரத்தையாவது நன்றாகப் பார்ப்போம் என்று நினைத்திருக்கலாம். அந்த நகராத நேரத்தில்தான் அது இருந்தது.

கை குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. இன்னும் தள்ளவில்லை. தள்ளப்போகிறது. அந்தச் சின்ன இடைவேளையில் கையை ஆளும் பகுதியின் மேல் ஓர் அலைவரிசை, நெருக்கமாக, விநாடிக்கு இருபது போல. எட்டுக் கோடுகளிலும் ஒரே அலைதான். ஆனால் எட்டிலும் ஒரே நேரத்தில் உச்சி வரவில்லை. முதல் கோட்டில் ஒரு உச்சி, அடுத்ததில் ஒரு மயிரிழை பிந்தி, அதற்கடுத்ததில் இன்னும் ஒரு மயிரிழை. எட்டு உச்சிகளையும் கண்ணால் சேர்த்தால் ஒரு சாய்ந்த கோடு. அலை ஒரே இடத்தில் நின்று ஆடவில்லை. போய்க்கொண்டிருந்தது.

முதலில் பேஸ்ட்டைச் சந்தேகப்பட்டேன். இரண்டு எலெக்ட்ரோடுக்கு நடுவில் வழிந்துவிட்டதோ என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. "இன்னொரு தடவ போடுங்க" என்றேன். முன்னால் தள்ளுவதற்கு முன்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் இழுக்கச் சொன்னேன். இழுப்பதற்கு முன்பு சாய்வு மாறியது. மறுபடி தள்ளச் சொன்னேன். மறுபடி பழைய சாய்வு. குடை அசைவதற்கு முன்பே, எந்தப் பக்கம் அசையப்போகிறது என்பது அலை போகும் திசையில் இருந்தது.

மூளையின் மேற்பரப்பிலேயே மெல்லிய முனைகளை வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அசைவு மூளையில் ஒரு சுவிட்ச்சைப் போட்டது போல எழுவதில்லையாம். அலை ஒன்று அந்தப் பரப்பைக் கடந்து போகிறது. அது தொட்ட இடத்தில் உள்ள நரம்பணுக்கள் தொட்ட வரிசையில் தயாராகின்றன. எது முதலில், எது பிறகு என்கிற அந்த வரிசையிலேயே செய்தி இருக்கிறது. வரிசை குலைந்தால் கை தடுமாறுகிறது, தாமதிக்கிறது. அந்த அலையின் வேகம் ஒரு மனிதர் நடக்கும் வேகம்கூட இராது என்கிறார்கள். நினைத்துப் பாருங்கள். மின்னல் என்று நாம் நினைத்திருந்த ஒன்று, நடந்து வருகிறது. ஒவ்வொரு கவளமும், ஒவ்வொரு கையெழுத்தும், குழந்தையின் முதுகில் தட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு தட்டும், அப்படி ஒரு சின்ன நடை நடந்த பிறகுதான் வெளியே வருகிறது. நாம் மண்டையோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்று உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுக்கிற மாதிரி. நான் பார்த்தது முழுக்க அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கை எப்போது தள்ளும், எப்போது இழுக்கும் என்று கடைசி நாலைந்து தடவை நான் மனதுக்குள் முன்கூட்டியே சொன்னேன். தவறவில்லை. ஒரு மனிதர் செய்யப்போவதன் எட்டு வரி முன்னுரையை நான் படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கே அது தெரியாது.

"ரெண்டுலேர்ந்து மூணு" என்று சொல்லிக்கொண்டே தள்ளியவர் நிறுத்தினார்.

"மேடம், வந்துக்கினு இருக்குது."

கட்டைவிரல். என் வலது கை எழுந்தது, வழக்கம்போல, பதிவை நிறுத்த. ஸ்டெல்லா என் கையைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கோடுகள் கிளறிக்கொண்டன. ஒரு கணம் எனக்கே சந்தேகம்: கை ஆடுகிறது, ஒயர் ஆடுகிறது, அதனால்தானோ? அப்போது என் இடது கை போய், பழைய பழக்கத்தில், அவர் மணிக்கட்டை அமுக்கிப் பிடித்தது. அந்தக் கெட்ட பழக்கம் அன்று காப்பாற்றியது. கை அடங்கியது, ஒயர்களும் அடங்கின, கிறுக்கல் கரைந்தது. கரைந்த இடத்தில், அமுக்கிப் பிடித்த கைக்கு அடங்காமல், கூரான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன, கட்டைவிரலின் இடத்தில் மட்டும். ஒவ்வொரு கூருக்கும் ஒரு இமைப்பொழுது கழித்து என் உள்ளங்கைக்குள் ஒரு துடிப்பு. முதலில் திரை. பிறகு கை. அசைவால் வந்த கிறுக்கல் என்றால் கைதான் முந்த வேண்டும்.

அன்றைக்கு நான் அமுக்கிப் பிடித்து நிறுத்திவைத்தது இதைத்தான்.

கூர் நகர்ந்தது. அடுத்த எலெக்ட்ரோடு.

"மணிக்கட்டு" என்றேன்.

"ஆமா மேடம், இப்பதான்" என்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்தது. "முழங்கைக்குப் போகுது."

"இன்னும் வரல... ஆங், வந்திருச்சு." அவர் கண்கள் விரிந்துகொண்டே போயின. "எப்டி மேடம் தெரியும்?"

"அடுத்தது தோள் அண்ணே. இப்போ."

தோள் துடித்தது. துடித்துக்கொண்டே இருதயராஜ் சிரித்தார். வலிப்பில் இருக்கும் ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஸ்டெல்லா, மேடத்துக்குத் தெரியுது பாரு! எனக்கு முன்னாடி தெரியுது!" ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதே பாதைதான். சற்று முன்பு கியர் போடுவதற்குச் செய்தி கொண்டுபோன அதே பரப்பு. அந்த அலை எங்கே எப்போது என்று சொல்லிக்கொண்டு கடந்துபோனது. இந்த வலிப்பு அலைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மடை உடைந்து சரிவு கண்ட பக்கம் போகிறது. ஒரே நிலத்தில் இரண்டையும் அரைமணி நேரத்துக்குள் பார்த்தேன். எனக்குக் கும்பிடத் தோன்றியது. யாரை என்று தெரியாமல் கை கூப்பினால் நோயாளி பயந்துவிடுவார் என்று பேசாமல் இருந்தேன்.

டாக்டர் பையைத் தோளில் மாட்டிவிட்டார். மணி ஒன்று அடிக்கச் சில நிமிஷம். நான் வழியில் நின்று, "அஞ்சு நிமிஷம் சார்" என்றேன். இளம் வயது, நல்ல மனிதர். நின்றுகொண்டே பார்த்தவர் உட்கார்ந்தார். பையைக் கழற்றினார். தோள் துடிக்கும் இடம் வரை பார்த்துவிட்டு, "வலது மோட்டார் கார்டெக்ஸ். சந்தேகமே இல்ல. மாத்திரை ஆரம்பிச்சிரலாம். வண்டி ஓட்டக் கூடாது" என்றார்.

"முதல் ரிப்போர்ட்டையும் திருத்தணும் சார்."

"எதுக்கு? அன்னிக்கு வரல, இன்னிக்கு வந்துச்சு. நடக்கறதுதானே."

"அன்னிக்கும் வந்துச்சு. நான் நிறுத்திட்டேன். நாலு நிமிஷம் பள்ளம் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படி எழுதினா உங்க பேர் வரும் மேடம். மெமோ வரும்."

இதுதான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம். அந்த ஒரு நொடியில் எனக்குத் தப்பிக்கும் வழி அகலமாகத் திறந்திருந்தது, யாரையும் ஏமாற்றாத வழி போலவே தெரிந்தது. நோய் கிடைத்துவிட்டது, மாத்திரை கிடைத்துவிட்டது. ஆனால் பஸ் முதலாளி கையில் இரண்டு தாள் இருக்கும். முதல் தாள் ஒன்றுமில்லை என்கிறது, இரண்டாவது இருக்கிறது என்கிறது. மொட்டை போட்டுக்கொண்டு போய்க் கெஞ்சி வாங்கிவந்தான் என்பார்கள். இருதயராஜ் முதல் நாளிலிருந்தே உண்மை சொன்னவர் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி என் தவறுதான். அதை மறைத்தால் அவர் பொய்யராகவே இருப்பார்.

"வரட்டும் சார்" என்றேன்.

எழுதிக் கொடுத்தேன். முந்தைய பதிவின்போது நோயாளி துடிப்பு வருவதாகத் தெரிவித்தார், அசைவு என்று கருதிப் பதிவு நான்கு நிமிடம் நிறுத்தப்பட்டது, நிறுத்தியவர் இன்னார். டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார். மெமோ வந்தது. பதில் எழுதினேன். ஒரு சம்பள உயர்வு தள்ளிப்போனது. உயிர் போகவில்லை. அன்றிலிருந்து என் பதிவுகள் அழுக்காக ஆயின. கை ஆடினால் ஓட விட்டு, ஆடுகிறது என்று மேலே எழுதுவேன். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அப்புறம் யாரும் சொல்லவில்லை.

இருதயராஜ் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேனேஜர் இரண்டு தடவை படித்தாராம். "மிசினே நடிச்சிருக்குதே" என்று முனகிவிட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை போட்டுக் கொடுத்தார். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது எடுக்க வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுகிற வேலை. குடிகாரன் என்ற பேச்சு அதோடு நின்றது.

ஆறேழு மாதம் கழித்து அவரை மறுபடி பதிவுக்கு அனுப்பினார்கள். மாத்திரைக்குத் துடிப்பு அடங்கியிருந்தது. ஆனாலும் ஆள் ஏறும் வண்டியை இனி அவர் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். அதற்கு அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று ஸ்டெல்லா சொன்னார்.

முடி வளர்ந்த தலையிலும் அந்த எட்டு எலெக்ட்ரோடையும் இடம் தேடி வைத்திருந்தேன். பதிவின் கடைசியில் ஒன்று கேட்டேன். அது படிவத்தில் இல்லை, என் ஆசை. கையை அசைக்காமல் அசைப்பதாக நினைத்தாலே போதும், கைப்பகுதியின் அலைகள் மாறும். அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. "கண்ண மூடிக்கங்க அண்ணே. இடது கையால ஏதாவது ஒரு வேலை செய்யற மாதிரி நினைச்சுக்கங்க. கை மட்டும் அசையக் கூடாது."

கை படுக்கையில் மல்லாந்து கிடந்தது, விரல்கள் லேசாக மடங்கி. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. திரையில் அலைகள் அறுந்தன. திரும்ப வந்தன. மறுபடி அறுந்தன. ஒரு பக்கம் சாய்ந்தது போலிருந்தது, பிறகு மறுபக்கம், பிறகு நீண்ட நேரம் சீராக, பிறகு அடுத்தடுத்து மூன்று. போதும் என்று சொல்ல மறந்துபோனேன். அசையாத கைக்குள் யாரோ நிதானமாக, தேர்ந்த விதமாக, ஏதோ செய்துகொண்டிருந்தார்கள்.

"என்னா மேடம், மறுபடியும் வருதா?" என்று ஸ்டெல்லா எழுந்துவிட்டார்.

"இல்லம்மா. நல்லா இருக்கார்." பிறகு கேட்டேன்: "என்ன நினைச்சீங்க அண்ணே?"

இருதயராஜ் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டிக்கினு இருந்தேன் மேடம்."

ஸ்டெல்லாவின் முகம் மாறியதைக் கண்டு சட்டென்று கையைத் தூக்கினார்.

"காலி வண்டிதான் ஸ்டெல்லா. ஒருத்தரையும் ஏத்தல."